குடலுக்குள் சிறு பை: காலம் அறிந்து உண்போம்



இம்முறை ஒரு தாளின் கதையோடு தொடங்குகிறேன். கிள்ளானில் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கும் என் அத்தையின் சமையலறைச் சுவரில் நான்கு மாதம் ஒட்டியிருந்த தாள் அது. 'சாப்பிடக் கூடாதவை' என்று தலைப்பு. அதன் கீழே கீரை, வெண்டைக்காய், கத்தரிக்காய், கொய்யா, தக்காளி, கடலை, பயறு, எள் என்று பதினாறு பெயர்கள். முத்து முத்தான கையெழுத்து. கையெழுத்துக்குச் சொந்தக்காரி நான்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நோட்டில் பிழை கண்டால் சிவப்பு மையால் சுழிக்கிற நான், அந்தத் தாளில் பெரிய பிழை ஒன்றைச் செய்துவிட்டேன். அந்தப் பிழையால் அத்தை பட்ட பாட்டை மறைக்காமல் எழுதுகிறேன். நம் வீடுகள் பலவற்றில் இதே பிழை நடக்கிறது என்பதால்தான்.

அத்தை முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டு வீட்டுமனையான பிறகு லயத்தை விட்டுக் கிள்ளானுக்கு வந்தார். லயத்தில் இருந்த நாளில் வீட்டுக்குப் பின்னால் முருங்கை நின்றது, கொய்யா நின்றது, வேலியோரத்தில் கீரை முளைத்தது. அடுக்குமாடிக்கு வந்ததும் காலையில் ரொட்டி சானாய், மதியம் வெள்ளைச் சோறும் கோழிக் கறியும், இரவில் மீ கோரிங் என்று ஆகிவிட்டது. மலச்சிக்கல் வந்தது. "வயசானா எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று விட்டுவிட்டார்.

ஒரு தீபாவளி வாரத்தில் வயிறு வலித்தது. பலகாரம் தின்ற வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தார். பக்கத்துக் கிளினிக்கிலும் வாயுவுக்குத்தான் மருந்து கொடுத்தார்கள். மூட்டு வலிக்கு வீட்டில் வாங்கி வைத்திருந்த வலி மாத்திரையையும் நடுநடுவே விழுங்கினார். மூன்றாம் நாள் வலி அடிவயிற்றின் வலப்பக்கத்தில் குத்த ஆரம்பித்தது. காய்ச்சலும் குளிரும் சேர்ந்துகொண்டன. அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். குடல்வாலாக இருக்கும் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் குடல்வால் நன்றாக இருந்தது. பெருங்குடலின் சுவரில் இருந்த ஒரு சிறு பை வீங்கிப் புண்ணாகியிருந்தது.

இது என்ன நோய்?

இதற்கு வைத்தியர்கள் சொல்லும் பெயர் டைவர்ட்டிகுலைட்டிஸ். வாயில் நுழையாத பெயர்தான், விஷயம் எளிது. பழைய மிதிவண்டி டியூப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட டியூப்பில் காற்றை அழுத்தி அடித்தால், ரப்பர் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே சின்னதாய்ப் புடைத்துக்கொள்ளும். பெருங்குடலின் சதைச் சுவரிலும் இரத்தக் குழாய்கள் நுழையும் இடங்கள் சற்றுப் பலவீனமானவை. உள்ளே அழுத்தம் கூடும்போது அந்த இடங்கள் வெளிப்பக்கமாகப் பிதுங்கிப் பட்டாணி அளவில் சிறு பைகளாகின்றன. வயது ஏற ஏற இவை அதிகமாகும்.

பை இருப்பதெல்லாம் நோய் அல்ல. பை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ஒரு தொல்லையும் வருவதில்லை. வேறு காரணத்துக்காகக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும்போதுதான் இருப்பதே தெரியவரும். சிலருக்கு மட்டும் ஒரு பை வீங்கி, புண்ணாகி, காய்ச்சலும் வலியும் வருகின்றன. வேறு சிலருக்குப் பையிலிருந்து இரத்தம் கசியும்.

வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் பைகள் பெரும்பாலும் பெருங்குடலின் இடப்பக்கத்தில் வருகின்றன. நம்மைப் போன்ற ஆசிய நாட்டவருக்கு வலப்பக்கத்திலும் அதிகம் காணப்படுகின்றன. குடல்வாலும் வலப்பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் இரண்டையும் பிரித்து அறிய ஸ்கேன் தேவைப்படுகிறது. வலது அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், அது எதுவாக இருந்தாலும், வீட்டில் வைத்தியம் பார்க்கும் காரியமில்லை.

என் பிழை

அத்தையை ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கையில் மலாய் மொழியில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். நார்ச்சத்துக் குறைந்த உணவு என்று போட்டு ஒரு பட்டியல் இருந்தது. அத்தைக்கு மலாய் பேச வரும், வாசிக்க வராது. "டீச்சரம்மா, நீயே தமிழிலே எழுதிக் கொடு. சுவத்திலே ஒட்டிக்கிறேன்" என்றார். நானும் மாவு ரொட்டி, கஞ்சி, முட்டை, மீன் என்று ஒரு பக்கமும், கூடாதவை என்று மறுபக்கமும் எழுதிக் கொடுத்தேன். துண்டுத்தாளின் மேலே 'குணமாகும் வரை' என்ற பொருளில் இரண்டே இரண்டு மலாய்ச் சொற்கள் இருந்தன. அவற்றை நான் எழுதவில்லை. தலைப்புத்தானே என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு பார்க்க வந்தவர்களெல்லாம் பட்டியலை நீட்டினார்கள். "கொய்யா விதை பையிலே போய் மாட்டிக்கும்" என்றார் ஒருவர். "கடுகுகூடத் தாளிக்காதே" என்றார் இன்னொருவர். அத்தை எல்லாவற்றையும் கேட்டார். நான்கு மாதம் வெள்ளைக் கஞ்சியும் மாவு ரொட்டியும்தான். உடல் இளைத்தது. மலச்சிக்கல் முன்னைவிட இறுகியது. கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பிடாமலே திரும்பினார். "எதைத் தின்னா எது வெடிக்குமோன்னு பயமா இருக்கும்மா" என்றார். பேரப்பிள்ளைக்குக் கொய்யா நறுக்கிக் கொடுப்பார். தான் ஒரு துண்டு தொடமாட்டார்.

மறுபடி பரிசோதனைக்குப் போன நாளில் உணவு ஆலோசகர் விசாரித்தார். "இவ்வளவு நாள் இப்படிச் சாப்பிடச் சொன்னது யார்?" அத்தை பெருமையாகச் சொன்னார்: "எங்க அண்ணன் மக டீச்சர். அவதான் எழுதிக் கொடுத்தா." பக்கத்தில் நின்ற நான் தரையைப் பார்த்தேன்.

அந்த ஆலோசகர் கோபிக்கவில்லை. "பட்டியல் சரிதான். அது இரண்டு வாரத்துக்கான பட்டியல். இப்போது இவர் சாப்பிட வேண்டியது இதற்கு நேர்மாறானது" என்றார். அன்று நான் கற்றுக்கொண்டதுதான் இன்றைய கட்டுரையின் சாரம். இந்த நோயில் ஒரே கீரை ஒரு வாரம் ஆகாது. அடுத்த மாதம் அதுவே மருந்து. எதைச் சாப்பிடுவது என்று கேட்பதோடு, எப்போது சாப்பிடுவது என்றும் கேட்க வேண்டும்.

பெரிய வைத்தியர்களும் மாற்றிக்கொண்டார்கள்

நான் மட்டும் தவறு செய்யவில்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல். சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் உலகெங்கும் வைத்தியர்கள் இந்நோயாளிகளுக்கு ஆயுள் முழுதும் நார் இல்லாத மென்மையான உணவையே கொடுத்தார்கள். குடலுக்கு ஓய்வு வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 1971-இல் நீல் பெயின்டர், டெனிஸ் பர்கிட் என்ற இரு வைத்தியர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். பர்கிட் ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் பல வருடம் அறுவை வைத்தியராக இருந்தவர். தானியத்தையும் கிழங்கையும் பயற்றையும் நாரோடு உண்ணும் கிராமத்து மக்களிடம் இந்தக் குடற்பை நோய் மிக அரிது என்று கண்டார். வெள்ளை மாவையே உண்ணும் பிரிட்டனில் அது மலிந்திருந்தது. நாரில்லாத உணவால் மலம் இறுகுகிறது, அதைத் தள்ளக் குடல் அழுத்துகிறது, அழுத்தத்தில் பை பிதுங்குகிறது என்று இருவரும் வாதாடினார்கள். 1972-இல் பெயின்டரும் அவருடைய குழுவினரும் 70 நோயாளிகளுக்குக் கோதுமைத் தவிடு கொடுத்துப் பார்த்த அனுபவத்தை வெளியிட்டார்கள். தவிட்டை விடாமல் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தொல்லை குறைந்தது.

அந்த வாதம் முழுவதும் அப்படியே நிற்கிறதா என்றால், இல்லை. பை உண்டாவதற்கு நார் குறைவு ஒன்றே காரணம் என்று இன்றைய ஆராய்ச்சியாளர்கள் சொல்வதில்லை. வயது, பரம்பரை, உடல் பருமன், புகைபிடித்தல், சிவப்பு இறைச்சி, உடல் அசையாத வாழ்க்கை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. உண்டான பையை எந்தத் தவிடும் மறைத்துவிடாது. ஆனால் நார் மிகுந்த உணவு உண்பவர்கள் இந்நோயால் ஆஸ்பத்திரிக்குப் போவது குறைவு. பிரிட்டனில் 47,000-க்கு மேற்பட்டவர்களைக் கவனித்து 2011-இல் வெளியான ஆய்வில், சைவ உணவுக்காரர்களுக்கு இந்த ஆபத்து 100-க்கு 31 பங்கு குறைவாக இருந்தது.

விதை பயத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் 47,000-க்கு மேற்பட்ட ஆண்களை 18 வருடம் கவனித்து 2008-இல் முடிவு சொன்னார்கள். கொட்டைகளும் சோளப்பொரியும் அதிகம் தின்றவர்களுக்கு இந்தப் பை வீக்கம் கூடவில்லை. சொல்லப்போனால் குறைந்தே இருந்தது. ஆகவே கொய்யா விதை பையில் போய் மாட்டிக்கொள்ளும் என்ற பயத்தை விட்டுவிடலாம்.

நம் கோலாலம்பூர் சொன்ன பாடம்

தானியத்தின் தோலைத் தள்ளி வெள்ளையாக்கித் தின்பதால் கேடு வரும் என்ற பாடம் நம் நாட்டிலேயே முன்பு படிக்கப்பட்டதுதான். நூறு வருடத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும்; நடை தளரும்; இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை அது வாரிக்கொண்டு போனது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களை அவ்வளவாகத் தொடவில்லை.

1905-இல் வில்லியம் பிளெட்சர் என்ற வைத்தியர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இதைச் சோதித்தார். நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு வெள்ளை அரிசிச் சோறு, மறு பாதியினருக்குப் புழுங்கல் அரிசிச் சோறு. வெள்ளை அரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்கள் தப்பினார்கள். 1907-இல் பிரேசர், ஸ்டேன்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலானின் ஜெலுபு வட்டாரத்தில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையைச் செய்தார்கள். அரிசியைத் தீட்டும்போது போகிற மேல் தோலோடு ஏதோ ஒரு சத்தும் போகிறது என்று நிலைநாட்டினார்கள். அந்தச் சத்துத்தான் பி1 வைட்டமின் என்று பிற்காலத்தில் தெரிந்தது.

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரிபெரி வைட்டமின் குறைவால் வருவது. குடற்பை நோய் வேறு. நெல்லைப் புழுக்கும்போது தோலில் உள்ள வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நார் அப்படி இறங்காது. ஆகவே, "நான் புழுங்கல் அரிசிதானே சாப்பிடுகிறேன், நார் கிடைத்துவிடும்" என்று எண்ணாதீர்கள். தீட்டிய புழுங்கல் அரிசியிலும் நார் சொற்பமே. ஆனால் இரண்டு கதைகளும் ஒன்றைத்தான் சொல்கின்றன. கண்ணுக்கு வெள்ளையாக, வாய்க்கு மெதுவாக இருக்க வேண்டும் என்று நாம் கழித்துத் தள்ளுவதில்தான் உடம்புக்கு வேண்டியது போகிறது.

மூன்று காலம், மூன்று பத்தியம்

அத்தைக்கு நான் புதிதாக எழுதிக் கொடுத்த தாளில் மூன்று கட்டங்கள் போட்டேன். அதையே உங்களுக்கும் தருகிறேன்.

முதல் கட்டம், நெருப்பு எரியும் காலம். வலியும் காய்ச்சலும் இருக்கும் நாட்கள். இந்தக் கட்டத்தில் வைத்தியர் சொல்வதே சட்டம். சிலருக்கு ஓரிரு நாள் நீர் உணவு மட்டும் தருவார்கள். வடித்த கஞ்சித் தண்ணீர், வடிகட்டிய சூப், இளநீர் போன்றவை. கீரை, பயறு, தவிடு எதுவும் வேண்டாம். 'நார் நல்லதாமே' என்று வீங்கிய குடலுக்குள் கொண்டைக்கடலையைத் தள்ளக் கூடாது. நீர் உணவையே வைத்தியரைக் கேட்காமல் நாட்கணக்கில் நீட்டவும் கூடாது.

இரண்டாம் கட்டம், நெருப்பு அணையும் காலம். வலி குறைந்த பிறகு வரும் ஒன்றிரண்டு வாரம். குழைந்த சோறு, வெள்ளை ரொட்டி, அவித்த மீன், முட்டை, தோல் சீவி நன்றாக வேகவைத்த காரட், பூசணி, உருளைக்கிழங்கு. நான் சுவரில் ஒட்டிய பழைய தாள் இந்தக் கட்டத்துக்கு மட்டும் உரியது.

மூன்றாம் கட்டம், அமைதிக் காலம். மீதி ஆயுள் முழுதும் இதுதான். இதில்தான் நார் வேண்டும். ஒரே நாளில் வேண்டாம். நான்கு மாதம் கஞ்சி குடித்த வயிற்றுக்கு ஒரு நாளில் கீரையும் பயறும் கொட்டினால் உப்பும், வலிக்கும். "பார்த்தாயா, ஒத்துக்கொள்ளவில்லை" என்று மறுபடி கஞ்சிக்கே ஓடுவோம். வாரத்துக்கு ஒரு பொருளாகக் கூட்டுங்கள். முதல் வாரம் மதியத்தில் வெந்த காய் ஒரு கிண்ணம். இரண்டாம் வாரம் பருப்பு. மூன்றாம் வாரம் கீரை. நான்காம் வாரம் பழம். அத்தைக்கு ஆறு வாரம் பிடித்தது.

நாரைக் கூட்டினால் தண்ணீரையும் கூட்ட வேண்டும். இதை மறந்தால் பயன் போய்விடும். நார் தண்ணீரை உறிஞ்சித்தான் மலத்தை இளக்குகிறது. நாளைக்கு ஆறு முதல் எட்டுக் குவளை குடியுங்கள். தே தாரிக் கணக்கில் சேராது என்று வைத்துக்கொள்ளுங்கள், சீனி அதிகம்.

எவ்வளவு? எதில்?

நம் நாட்டு உணவு வழிகாட்டி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் நார் வேண்டும் என்கிறது. ஆனால் 2019-இல் எடுத்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 100-க்கு 95 பேர் போதிய காய்கறியும் பழமும் உண்பதில்லை என்று தெரிந்தது. அத்தை மட்டுமல்ல, நாம் எல்லாரும் அந்த 95-இல்தான் இருக்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குவளை வெள்ளைச் சோற்றில் 1 கிராம் நார்கூட இல்லை. ஆகவே சோற்றை மலையாகக் குவித்து நார் தேட முடியாது. கீழே சொல்பவை யாவும் ஏறத்தாழக் கணக்கு.

காலையில் கேழ்வரகு மாவு அரைக் குவளையில் கூழோ அடையோ செய்தால் 5 கிராம். மதியம் வெந்த பருப்பு அரைக் குவளை 5 கிராம். வெந்த காயும் கீரையும் ஒரு குவளை 4 கிராம். மாலையில் அவித்த கொண்டைக்கடலை அரைக் குவளை 6 கிராம். தோலோடு கொய்யா, 100 கிராம் எடையுள்ளது, 5 கிராம். இரவில் ஒரு வாழைப்பழம் 3 கிராம். கூட்டினால் 28. வெளிநாட்டுப் பெட்டி உணவு ஒன்றுகூட இதில் இல்லை. நம் பாட்டிமார் லயத்தில் சமைத்ததுதான். கச்சாங் பூத்தே வண்டியில் விற்கும் கடலையும் நல்லதே; உப்பும் எண்ணெயும் போட்டுப் பொரித்ததை விட்டு, அவித்ததை வாங்குங்கள்.

கங்கோங், பாயாம், முருங்கைக்கீரை ஆகியவை பாசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கின்றன. கேழ்வரகு மாவு, தீட்டாத அரிசி, தோலோடு உள்ள பயறு வேண்டுமானால் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலைக் கடைகளிலும் கிடைக்கும். தீட்டாத அரிசிச் சோறு பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லையென்றால், முதலில் நாலில் ஒரு பங்கு கலந்து சமையுங்கள். முன்கூட்டி ஊறவைத்தால் நன்றாக வேகும்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் வாழை இலைச் சாப்பாடு உண்ணாமல் திரும்பமாட்டோம். அந்த இலையை வைத்தே ஒரு பாடம் சொல்கிறேன். சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று பிரசாரம் செய்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு வகை, பாதிப் பங்கு காயும் பழமும். இலையில் பரிமாறுபவர் மூன்று வகைக் காய் வைப்பார். காயை இரண்டாம் முறை கேளுங்கள். சோற்றை இரண்டாம் முறை கேட்காதீர்கள். அவ்வளவுதான், அமைச்சு சொன்ன கணக்கு இலையிலேயே வந்துவிடும்.

இசப்கோல் உமியைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. காயும் பழமும் போதாதபோது அது உதவும். ஒரு தேக்கரண்டியை ஒரு பெரிய குவளைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். மற்ற மருந்துகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். விழுங்கச் சிரமப்படுபவர்களும் குடல் அடைப்பு வந்தவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

நீரிழிவுக்காரர்களுக்குக் காயும் பயறும் நல்லவையே; பழத்தை அளவோடு வையுங்கள். சிறுநீரக நோயுள்ளவர்களுக்குக் கீரை, பயறு, வாழைப்பழம், இளநீர் ஆகாமல் போகலாம். அவர்கள் இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றாமல் தங்கள் வைத்தியரிடம் காட்டிக் கேட்கவேண்டும்.

சாப்பாட்டைத் தாண்டி

மலம் வரும்போது அடக்காதீர்கள். பால் வெட்டும்போதும் ஆலையில் ஷிப்ட் வேலை செய்யும்போதும் நம் பெண்கள் அடக்கி அடக்கிப் பழகிவிட்டார்கள். காலையில் பத்து நிமிடம் முன்னதாக எழுந்தால் வேலைக்குக் கிளம்புமுன் முடித்துக்கொள்ளலாம். தினமும் அரை மணி நேரம் நடங்கள். புகைபிடிப்பவர் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள்.

வலி மாத்திரை விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். ஐபுபுரோபென், டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகளை அடிக்கடி விழுங்குவது இந்தப் பைகளில் புண்ணும் இரத்தக் கசிவும் வரும் ஆபத்தைக் கூட்டும். அத்தை மூட்டு வலிக்கு விழுங்கியது இந்த வகைதான். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் போதுமா என்று வைத்தியரைக் கேளுங்கள். இதய நோய்க்கு ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

இந்த அறிகுறிகள் வந்தால் ஓமத் தண்ணீருக்கு நேரமில்லை: விடாத அடிவயிற்று வலியோடு காய்ச்சல், மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி, வயிறு பலகைபோல் இறுகுதல், காற்றுகூடப் பிரியாமை. உடனே அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மலத்தில் இரத்தம் வந்தால் மூலம் என்றோ, பை என்றோ நாமே முடிவு கட்டக் கூடாது. குடல் புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கும். 50 வயது தாண்டியவர்களுக்கு மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைப் பார்க்கும் சோதனை அரசாங்கச் சுகாதார நிலையங்களில் உண்டு. வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். பை வீக்கம் குணமான சில வாரங்களுக்குப் பிறகு குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கத் தேதி கொடுத்தால் அதையும் தவறவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் தாளைப் பெரியவர்களுக்கு வாசித்துச் சொல்வது நம் வீடுகளில் படித்த பிள்ளைகளின் வேலையாக இருக்கிறது. மாணவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். பட்டியலை மட்டும் வாசிக்காதீர்கள். எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவது, மறுபடி எப்போது வருவது என்ற மூன்றையும் தேடி வாசியுங்கள். தாளில் இல்லையென்றால் அங்கேயே தாதியிடம் கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு எழுதுங்கள். தேதி இல்லாத பத்தியம் தண்டனையாகிவிடும். ஒரு டீச்சர் செய்த பிழையிலிருந்து நீங்கள் கற்றுக்கொண்டால் எனக்கு அதுவே நிம்மதி.

பழைய தாளை அத்தை கிழித்துப் போடவில்லை. மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறார். "மறுபடி வலி வந்தா ரெண்டு வாரத்துக்கு வேணும்ல" என்கிறார். சென்ற மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை பொரியல், பருப்பு, தீட்டாத அரிசி கலந்த சோறு. சாப்பிட்டு முடித்ததும் கொய்யாவை நான்காக நறுக்கினார். பேரப்பிள்ளைக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொடுத்தார். மூன்றாவது துண்டை விதையோடு தன் வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன டீச்சரம்மா, இதுக்கு மார்க் எவ்வளவு?"